புதுப்பிப்பு: யானைக்குட்டிக்குப் பசும்பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

தாயை இழந்த யானைக்குட்டிக்குப் பசும்பால் கொடுக்கக் கூடாது என்று முன்பு எழுதியிருந்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்காக இது.

முக்கியக் காரணம் கொழுப்பின் வகை. யானைப்பால் கொழுப்பில் கேப்ரிக், லாரிக் என்ற கொழுப்பு அமிலங்கள்தான் மிகுதி. பசும்பாலில் அவை கொஞ்சமே. பசும்பாலின் கொழுப்பு செரிக்காமல் பேதியாகி, குட்டியின் உயிரே போய்விடலாம். கென்யாவில் தாயற்ற யானைக்குட்டிகளை வளர்த்த டாஃப்னி ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் போராடி, தேங்காயெண்ணெய் சேர்த்த பால் கலவையில்தான் குட்டிகளைப் பிழைக்க வைத்தார். தேங்காயெண்ணெயில் லாரிக் அமிலம் நிறைய. எனக்கு இது இன்னமும் வியப்புதான்.

அப்புறம், ஒரே கலவை கடைசிவரை போதாது. குட்டி வளர வளர, தாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் கூடும், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறையும். பச்சிளம் குட்டிக்கு இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் புகட்ட வேண்டும்.