ஒரே பெயரில் மூன்று ஆசிரியர்கள் கலந்துவிட்டார்கள், அவசர உதவி தேவை

அட்டைப்பெட்டி:
வணக்கம். எங்கள் கல்லூரி நூலகக் கணினியில் எஸ். சந்திரசேகர் என்று தேடினால் எல்லாப் புத்தகமும் ஒரே ஆள் எழுதியதாக வருகிறது. நட்சத்திரம் பற்றியதும் குடும்பக் கட்டுப்பாடு பற்றியதும் ஒரே பெயரில். இயற்பியல் துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "நோபல் வாங்கின மனுஷன் எப்பய்யா மக்கள்தொகை பத்தி எழுதினாரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. எப்படிப் பிரிப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

ரேக்நம்பர்7:
என்ன மென்பொருள்? எந்தப் பதிப்பு? பட்டியலை எக்செலில் இருந்து ஏற்றினீர்களா, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தீர்களா? ஒன்றுமே சொல்லாமல் சீக்கிரம் என்றால் எப்படி சார்?

புத்தகப்பூச்சி:
இது இன்டெக்ஸ் பிரச்சினைதான். முழுசாக ரீ-இன்டெக்ஸ் போடுங்கள், அதாவது தேடல் அட்டவணையை மறுபடி உருவாக்குங்கள். எங்களுக்கு எது வந்தாலும் அதைத்தான் செய்வோம், சரியாகிவிடும்.

கேட்டலாக்_தாத்தா:
சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான்காவது விதி என்ன என்று இந்தக் கால நூலகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அட்டைக் காலத்தில், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிறந்த வருடம் எழுதாத அட்டையை எங்கள் தலைமை நூலகர் இழுப்பறைக்குள் போட விடமாட்டார். இப்போது கணினி வந்துவிட்டது, யோசிப்பதையும் அதனிடமே விட்டுவிட்டீர்கள். முதலில் அந்த மூன்று பேர் யார் என்றாவது தெரியுமா தம்பி?

அட்டைப்பெட்டி:
கோஹா. பதிப்பு தெரியவில்லை, நிறுவிக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும். எக்செலில் இருந்துதான் ஏற்றினோம். ரீ-இன்டெக்ஸ் போட்டாயிற்று, மாற்றம் இல்லை. தாத்தா, நான் தம்பி இல்லை, தங்கை.

எழுத்துப்பிழை:
எக்செல் என்கிறீர்களே, அங்கேதான் வினை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் பத்து விதமாக எழுதுவார்கள், எச் சேர்த்தும் சேர்க்காமலும். அதை ஒழுங்குபடுத்தினாலே தீர்ந்துவிடும்.

ரேக்நம்பர்7:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். எழுத்து வேறு வேறாக இருந்தால் ஒரே ஆள் மூன்றாகப் பிரிவார். இங்கே மூன்று பேர் ஒன்றாகியிருக்கிறார்கள்.

வானம்பார்த்தவன்:
தாத்தா கேட்ட கேள்விக்கு நான் சொல்கிறேன். முதலாமவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1910-இல் லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள விண்மீனின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டவர். இன்றைக்கு அந்த வரம்பைச் சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்கிறோம். அதை வானியலாளர் எடிங்டன் சபையில் வைத்துக் கிண்டலடித்த கதை தனி. 1983-இல் ஃபௌலரோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள், 1995-இல் காலமானார். இரண்டாமவர் ஸ்ரீபதி சந்திரசேகர், ராஜமுந்திரிக்காரர், மக்கள்தொகை அறிஞர், 1967-இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் சுகாதாரமும் குடும்பக் கட்டுப்பாடும் பார்த்தவர். கருத்தடை செய்துகொள்பவருக்கு டிரான்சிஸ்டர் ரேடியோ என்று பேச்சு அடிபட்டதே, அவர் காலத்தில்தான். மூன்றாமவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1930 முதல் 2004 வரை. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகம் பற்றி ஆராய்ந்தவர். தட்டு வடிவ மூலக்கூறுகளும் அடுக்கடுக்காக நின்று திரவப் படிகமாகும் என்று 1977-இல் அவர் குழுதான் காட்டியது. மூவருமே புத்தக அட்டையில் எஸ். சந்திரசேகர்தான். நம் ஊர்ப் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, முன்னால் ஒரே ஒரு எழுத்து, கலக்காமல் என்ன செய்யும்?

ஆறுபந்து:
பி. எஸ். சந்திரசேகரை விட்டுவிட்டீர்களே! போலியோ தாக்கிய வலது கையாலேயே பந்து வீசி, 1971-இல் ஓவலில் 38 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் நமக்கு முதல் டெஸ்ட் வெற்றி.

புத்தகப்பூச்சி:
வி. பி. சந்திரசேகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரானி கோப்பையில் 56 பந்தில் சதம். சென்னைக்காரர்.

ரேக்நம்பர்7:
அவர்கள் நூலாசிரியர் பட்டியலில் வந்து கலக்கவில்லை. விஷயத்துக்கு வாருங்கள்.

கேட்டலாக்_தாத்தா:
வானம்பார்த்தவன் ஒன்றை மறைத்துவிட்டார். முதலாமவரும் மூன்றாமவரும் ஏதோ வழிப்போக்கர்கள் இல்லை. ஒருவர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன், இன்னொருவர் தங்கை மகன். மாமன் மகன், அத்தை மகன் உறவு.

வானம்பார்த்தவன்:
மறைக்கவில்லை ஐயா, கேட்கப்படவில்லை. சொந்தக்காரர் என்பதற்காக ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் பெயரில் போட முடியுமா?

கேட்டலாக்_தாத்தா:
போடச் சொன்னேனா? தெரிந்திருக்க வேண்டும் என்றேன். இவ்வளவு சூடு எதற்கு?

ஆறுபந்து:
ராமனின் குடும்பத்தில் இன்னும் எத்தனை விஞ்ஞானிகள் இருக்கிறார்கள் என்று தனி இழையே போடலாம்.

ரேக்நம்பர்7:
போடுங்கள், அங்கே. அட்டைப்பெட்டி மேடம், ஒரே கேள்வி. அந்த ஆசிரியர் பெயரை யாராவது சமீபத்தில் திருத்தினார்களா? புத்தகப் பதிவில் அல்ல, அத்தாரிட்டி ரெக்கார்டில், அதாவது ஆசிரியர் பெயருக்கென்று தனியாக இருக்கும் பதிவில்.

அட்டைப்பெட்டி:
அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்துச் சொல்லவில்லை. பயிற்சிக்கு வந்த மாணவி முழுப்பெயரும் 1910-1995 என்ற வருடமும் சேர்த்தார். நல்ல பெண், எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் போடுவார்.

ரேக்நம்பர்7:
சம்பந்தம் அதுதான். எக்செலில் மூன்று பேருக்கும் எஸ். சந்திரசேகர் என்றே இருந்திருக்கும். ஏற்றியபோது பெயர்ப் பதிவு தானாக உருவாகும்படி அமைப்பு இருந்தால், எழுத்து ஒன்றாக இருப்பதைப் பார்த்து மூன்று பேருக்கும் ஒரே அத்தாரிட்டி ரெக்கார்டைக் கட்டிவிடும். அதுவரை யார் கண்ணிலும் படவில்லை, எஸ். என்பது எல்லாருக்கும் பொருந்துமே. அந்த ஒன்றில் சுப்பிரமணியன் என்று விரித்ததும், அதோடு கட்டிய எல்லாப் புத்தகத்திலும் கோஹா அதையே எழுதிவிட்டது. அந்தப் பெண் போட்ட தகவல் சரி. கட்டியிருந்த இடம்தான் தப்பு.

இப்போது செய்ய வேண்டியது: இருக்கிற ரெக்கார்டைத் தொடாதீர்கள், அது விண்மீன்காரருக்கு. ஸ்ரீபதிக்கு ஒன்று, சிவராமகிருஷ்ணருக்கு ஒன்று, முழுப்பெயரும் வருடமும் போட்டுப் புதிதாக உருவாக்குங்கள். ஸ்ரீபதிக்கு 1918-2001. பிறகு தப்பாக நிற்கும் புத்தகம் ஒவ்வொன்றையும் திறந்து, ஆசிரியர் பெயர் இருக்கும் 100-ஆம் புலத்தைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்திச் சரியான ஆளைத் தேர்ந்தெடுங்கள். பெயரைக் கையால் அடித்தால் மட்டும் போதாது. கண்ணில் படாத 9 என்ற துணைப்புலத்தில் பழைய ரெக்கார்டின் எண் இருக்கும், அது போகாதவரை அடுத்த முறை யாராவது அதைத் திருத்தும்போது பழைய பெயரே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எழுத்துப்பிழை:
எந்தப் புத்தகம் யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாவற்றிலும் ஒரே பெயர்தானே.

கேட்டலாக்_தாத்தா:
ரேக்குக்குப் போய்ப் பாருங்கள். முதுகுச் சீட்டு எண் 523 என்றால் வானியல், 304.6 என்றால் மக்கள்தொகை. பழைய புத்தகமாக இருந்தால் அதே மக்கள்தொகை 301.32-இல் இருக்கும், புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் டியூவி வகைப்பாட்டின் பதிப்பு மாறியபோது இடம் மாறியது. அதனால் ஒரே ரேக்கில் தேடி ஏமாறாதீர்கள். சந்தேகம் வந்தால் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள், அங்கே முழுப்பெயர் அச்சிட்டிருக்க வாய்ப்பு உண்டு. தங்கை என்றதற்காக இவ்வளவு சொல்கிறேன்.

அட்டைப்பெட்டி:
பிரிந்துவிட்டது. மக்கள்தொகைப் புத்தகங்கள் பாதி 301-இல்தான் இருந்தன. எல்லாருக்கும் நன்றி.

ஆறுபந்து:
ஆய்வுக்குழு என்ன சொன்னது?

திரைச்சுருள்:
இதே இழையில் கேட்கிறேன். எங்கள் நூலகத்தில் கே. சுப்பிரமணியம் என்று போட்டால், 1930-களில் தமிழ்ப் படம் எடுத்த இயக்குநரும் கார்கில் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்த பாதுகாப்பு நிபுணரும் ஒரே ஆளாக வருகிறார்கள். ஆனால் நாங்கள் எக்செலில் இருந்து ஏற்றவில்லை. இதற்கும் இதே வழிதானா?

ரேக்நம்பர்7:
என்ன மென்பொருள்?