கொல்லையில் சேறு, இரண்டு நாய்கள்: வழி சொல்லுங்க

கேள்வி: தாம்பரம் பக்கம், களிமண் தரை. மழை விட்டும் தண்ணீர் வடியல. நாய்கள் மிதிச்சு ஒரே சேறு. எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யற மணல்) கொட்டலாமா?

பதில்: வேண்டாம், களிமண்ணோட சேர்ந்து இறுகிடும். கூரைத் தண்ணீர் அங்கே விழுதா பாருங்க. அதைத் திருப்பினாலே பாதி தீரும். அப்புறம் ஒன்றரை அடி ஆழ வாய்க்கால், 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலச் சரிவு. ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி) விரிச்சு 2 அங்குலம் 20 எம்எம் ஜல்லி, அதன்மேல் ஓட்டை போட்ட 4 அங்குல பிவிசி பைப், ஓட்டை கீழ்நோக்கி. மேலே ஜல்லி நிரப்பித் துணியை மடிச்சு மூடுங்க.

பதில்: பைப் தண்ணீரைத் தெரு மழைநீர் வடிகாலில் விடறதா இருந்தா, அது உங்க பைப்பைவிடத் தாழ்வா? டியூப் லெவல் (மட்டம் பார்க்கிற, தண்ணீர் நிரப்பின குழாய்) வெச்சுப் பாருங்க. பாதாளச் சாக்கடையில் மட்டும் விட்டுடாதீங்க.

பதில்: தரைக்கு மேலாக உடைஜல்லி போட்டா நாய்களோட பாதம் கிழியும், கூழாங்கல் போடுங்க. தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், தடுப்பூசி வருஷாவருஷம்.