ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் மட்டும் ஸ்வரம் அடங்கிவிடுகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். முப்பது ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். பதினைந்து வயதில் இரவல் வாங்கிய பேஸில் ஈ தந்தியை மீட்டியபோது அதன் அதிர்வு நெஞ்செலும்பு வரை இறங்கியது. அன்று பிடித்த பித்து இன்றும் தெளியவில்லை. பல ஆண்டுகள் பணம் சேர்த்து, கையால் செய்யப்பட்ட ஐந்து தந்தி பேஸ் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். மேப்பிள் கழுத்து, 34 அங்குல ஸ்கேல் (தந்தியின் அதிரும் நீளம்), 18 வோல்ட் பிரியாம்ப் (ஒலியை முதற்கட்டமாகப் பெருக்கும் மின்சுற்று). சுமார் 31 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் அதன் பி தந்தி கூடக் குழையாமல் பேசுகிறது. ஆனால் ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) உள்ள சி ஸ்வரம் மட்டும் இரண்டே விநாடிகளில் மங்கிவிடுகிறது. தந்திகளையும் பேட்டரிகளையும் மாற்றிவிட்டேன். தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பையும் இறக்கிப் பார்த்தேன். குறை எங்கே இருக்கிறது?

மறுமொழி 1:
ஆம்ப்ளிஃபயரில் இணைக்காமல் மீட்டிப் பாருங்கள். அப்போதும் அடங்கினால் மின்சுற்றின் மீது பழியில்லை. ஃப்ரெட் உயர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். ராவிச் சமன் செய்தால் சரியாகும்.

மறுமொழி 2:
அவசரப்பட்டு ராவ வேண்டாம் ஐயா, ராவிய ஃப்ரெட் திரும்ப வளராது. முதலில் ஜி தந்தியை அரை ஸ்வரம் இறக்குங்கள். மங்கல் ஐந்தாம் ஃப்ரெட்டிலேயே நின்றால் ஃப்ரெட்டைச் சந்தேகிக்கலாம். சி-யைப் பின்தொடர்ந்து ஆறாம் ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால் அது ‘டெட் ஸ்பாட்’. கழுத்தின் இயல்பான அதிர்வெண் அந்த ஸ்வரத்தின் 131 ஹெர்ட்ஸுக்கு அருகில் அமையும்போது, தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஜி தந்தியில் ஐந்து முதல் ஏழாம் ஃப்ரெட் வரையிலான பகுதியில்தான் இது பெரும்பாலும் தென்படும். விலையுயர்ந்த கருவிகளும் விலக்கல்ல. தலைப்பகுதியில் கனமான கிளாம்ப் ஒன்றைப் பொருத்தினால் அந்த அதிர்வெண் தாழும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இணைக்காமல் மீட்டியபோதும் மங்கியது. தந்தியை இறக்கியதும் மங்கல் ஆறாம் ஃப்ரெட்டுக்கு நகர்ந்தது. கிளாம்பைப் பொருத்திய பின் சி ஏழு விநாடிகள் நிற்கிறது, அதற்குக் கீழுள்ள பி ஸ்வரம் மட்டும் சற்றுச் சோர்கிறது. என் வாசிப்பில் ஜி தந்தியின் பி அரிதாகவே வருவதால் இந்த மாற்றம் எனக்குப் போதுமானது. எடையை நிரந்தரமாக்க, தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் இப்போதுள்ள இலேசான டியூனர்களுக்குப் பதிலாகக் கனமானவற்றைப் பொருத்தலாமா?

மறுமொழி 2:
பொருத்தலாம். ஆனால் கழுத்து கீழே சாயத் தொடங்கலாம். வாங்குவதற்கு முன், கிளாம்புடனேயே தோளில் மாட்டி ஒரு மணி நேரம் நின்று வாசித்துப் பாருங்கள்.