மாலத்தீவு தேனிலவு, செப்டம்பர்: தண்ணீர் வில்லாவா, கடற்கரை வில்லாவா, எந்தத் தீவு?

ஆவணி மாப்பிள்ளை கேட்டது:

வணக்கம். ஆவணியில் கல்யாணம். செப்டம்பர் இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து மாலத்தீவு, நான்கு இரவு. விமான டிக்கெட் தவிர்த்து, தங்குவது, சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் இரண்டரை லட்சத்துக்குள் முடிக்க வேண்டும்.

இப்போதைக்குப் பார்த்து வைத்திருப்பவை: பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த தீவுக்கூட்டம்) ஒரு ரிசார்ட், தண்ணீர் வில்லா, இரவுக்கு 300 டாலர்++, கடல்விமானத்தில்தான் போக வேண்டும். தெற்கு மாலே அட்டோலில் இன்னொன்று, கடற்கரை வில்லா, 380 டாலர், 'வரிகள் உட்பட' என்று போட்டிருக்கிறார்கள், ஸ்பீட்போட். இரண்டிலும் காலை, இரவுச் சாப்பாடு சேர்த்தி. இது இரண்டும் வேண்டாமென்றால் மக்கள் வாழும் தீவான மாஃபுஷியில் கெஸ்ட் ஹவுஸ்.

எனக்கு நீச்சல் தெரியும், மணப்பெண்ணுக்குத் தெரியாது. அவர் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். மது இருவருக்கும் வேண்டாம். மாலை நாலரைக்கு மாலேயில் இறங்கும் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது, அதைப் போட்டுவிடலாமா? மழைக்காலம் என்று வேறு எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

உப்புக்காற்று எழுதியது:

வில்லா இருக்கட்டும், முதலில் டிக்கெட்டுக்கு வருவோம். நாலரைக்கு இறங்கினால் பா அட்டோல் அன்றைக்குக் கிடையாது. கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்குகிறார். இருட்டில் அலையும் தெரியாது, பவளத்திட்டும் தெரியாது. பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் மாலேயில் இறங்கினால்தான் அன்றே ஏற முடியும். தவறினால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு இரவு அறை எடுக்க வேண்டும், ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணமும் போகும். திரும்பும்போதும் இதே கதைதான்: சென்னை விமானம் அதிகாலையில் என்றால் முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்பியாக வேண்டும். நான்கு இரவில் இரண்டு இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயம். கடல்விமானம் உங்களுக்கு எத்தனை மணிக்கு என்பது பெரும்பாலும் முந்தைய நாள் இரவுதான் தெரியும். ஒரே விமானம் இரண்டு மூன்று தீவுகளில் ஆளை இறக்கிக்கொண்டே போகும், அதனால் காத்திருப்பும் சேர்த்து அரை நாள் ஆகலாம். பெட்டி ஒருவருக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ. மேலே போனால் கிலோவுக்குக் காசு. கல்யாணப் புடவைகளை எல்லாம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்கவும். (விமானிகள் வெறுங்காலோடு ஓட்டுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அது தனி.)

இப்போது விலை. '++' என்றால் சேவைக் கட்டணமும் வரியும் வெளியே என்று பொருள். 300 டாலர், நான்கு இரவு, 1200. அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 1320 ஆயிற்று. இந்த 1320-க்கு 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி (2025 ஜூலையிலிருந்து 17, அதற்கு முன் 16, பழைய பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்). 1544.40. பசுமை வரி ரிசார்ட்டில் ஒருவருக்கு ஒரு இரவுக்கு 12 டாலர், உங்களுக்கு 96. மொத்தம் 1640.40. கடல்விமானம் போகவர ஒருவருக்கு 400 முதல் 600 டாலர் வரை இருக்கும், நடுவில் 500 என்று வைத்தால் இருவருக்கு 1000. ஆக 2640 டாலர். 1200 என்று நினைத்துப் போனது இரண்டு மடங்குக்கு மேல்.

தெற்கு மாலே: 380 வீதம் 1520. 'வரிகள் உட்பட' என்ற பேச்சில் பசுமை வரி பல நேரம் சேராது, அதனால் 96-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீட்போட் ஒருவருக்கு 150 என்று வைத்தால் 300. மொத்தம் 1916. இரவு வாடகை 80 டாலர் அதிகமாகத் தெரிந்த இடம் முடிவில் 700 டாலருக்கு மேல் குறைவு. நாலரை மணி விமானத்துக்கும் ஒத்துவரும், ஏனென்றால் மாலேக்கு அருகில் இருக்கும் ரிசார்ட்கள் பலவும் இரவிலும் படகு அனுப்புகின்றன. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதமாகும் பணத்தை மதியச் சாப்பாட்டில் போடுங்கள். தீவில் பெட்டிக்கடைகூட இருக்காது. காலை, இரவு மட்டும் என்றால் மதியம் ஒரு தட்டுக்கு 30, 40 டாலர் சாதாரணம், அதற்கும் மேலே அதே சேவைக் கட்டணமும் வரியும் ஏறும். இந்தத் திட்டத்தில் இரவு உணவோடு குடிக்கும் பாட்டில் தண்ணீருக்கே தனியாகப் பில் போடும் இடங்கள் உண்டு. மூன்று வேளைத் திட்டத்துக்கு மாற என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். மது வேண்டாம் என்பதால் எல்லாம் அடங்கிய திட்டம் உங்களுக்கு வீண். அதற்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தில் பெரும்பங்கு மதுவுக்குத்தான்.

பவளத்திட்டு எழுதியது:

உப்புக்காற்று சொன்னதற்கு மேல், தீவின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறேன். செப்டம்பரில் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும். சூரிய அஸ்தமனம் தெரியும் வில்லா என்று கூடுதல் விலைக்கு விற்பது மேற்குப் பக்கத்தைத்தான். பிப்ரவரியில் அங்கே கண்ணாடி மாதிரித் தண்ணீர். செப்டம்பரில் இரவெல்லாம் பலகைக்கு அடியில் அலை மோதும், வராந்தாவில் உட்கார முடியாத காற்று. கிழக்குப் பக்க வில்லா விலையும் குறைவு, அமைதியும் அதிகம். அஸ்தமனத்தைப் பார்க்க நடந்து எதிர்ப்பக்கம் போனால் போயிற்று, பெரும்பாலான தீவுகள் பத்து நிமிட நடைதான். ஒரு விதிவிலக்கு: அட்டோலின் கிழக்கு விளிம்பில் இருக்கும் தீவுக்கு மேற்குப் பக்கம் உள்கடல், பெரிய அலை வராது. மேற்கு விளிம்பில் இருந்தால் அதே பக்கம் திறந்த கடல். வரைபடத்தில் அட்டோல் முழுவதையும் விரித்து, தீவு எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கடற்கரை வில்லாவிலும் இந்தக் காற்றுக்கு வேலை உண்டு. இந்தத் தீவுகள் வெறும் பவள மணல். பருவக்காற்று திசை மாறும்போது மணல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும். விளம்பரப் படத்தில் இருபது அடி அகலத்துக்கு இருக்கும் கரை, நீங்கள் போகும் மாதத்தில் நாலு அடியாக, மணல் மூட்டை அடுக்கி நிற்கலாம். ரிசார்ட் போட்ட படத்தை நம்பாமல், ஆகஸ்ட், செப்டம்பரில் தங்கியவர்கள் ஏற்றிய படங்களைத் தேதி பார்த்துத் தேடுங்கள். பிறகு எந்த எண் முதல் எந்த எண் வரை உள்ள வில்லாக்களுக்குச் செப்டம்பரில் மணல் இருக்கும் என்று நேரடியாக மின்னஞ்சலில் கேளுங்கள். வரவேற்பறையில் இருப்பவர்களுக்கு இது அத்துப்படி, கேட்டால் சொல்வார்கள்.

நீச்சல் தெரியாதவருக்குத் தண்ணீர் வில்லா ஆபத்து என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆழம்தான் கேள்வி. மணல் அடியுள்ள ஆழமில்லாத லகூனில் (தீவைச் சுற்றிய அமைதியான உள்நீர்) நிற்கும் வில்லா என்றால் ஏணியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம். ஓத ஏற்றத்தாழ்வு மாலத்தீவில் ஒரு மீட்டருக்குள்தான். பவளச்சுவர் விளிம்பில் கட்டிய வில்லா என்றால் ஏணிக்குக் கீழே ஆழமும் இழுப்பும் இருக்கும், அவர் இறங்கவே முடியாது. ஆனால் உங்களுக்கு மீன் பார்க்க அதுதான் இடம். இரண்டும் ஒரே வில்லாவில் கிடைக்காது. இதனால்தான் உங்கள் நிலைமைக்குக் கடற்கரை வில்லா என்கிறேன்: வாசலிலிருந்து இறங்கினால் அவருக்கு முழங்கால் தண்ணீர், அங்கேயே குட்டிச் சுறாவும் திருக்கையும் வரும். நீங்கள் ஹவுஸ் ரீஃபுக்கு (தீவை ஒட்டிய பவளத்திட்டு) நீந்திப் போகலாம். அவரையும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, வழிகாட்டி மிதவளையத்தோடு கூட்டிப் போவார்.

ஹவுஸ் ரீஃப் எவ்வளவு தூரம் என்று செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்துவிடும். தீவைச் சுற்றி வெளிர்நீலம் அகலமாகப் பரவியிருந்தால் மணல் லகூன்: படத்துக்கு அழகு, மீன் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். கரும்பழுப்பு விளிம்பும் உடனே கருநீலமும் கரைக்கு ஐம்பது, நூறு மீட்டரில் வந்தால் நல்ல ரீஃப். 1998-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்து மேல்மட்டத்தில் நிறைய செத்துப்போனது, அதனால் வண்ணப் பவளக்காடு என்று எதிர்பார்க்காதீர்கள். மீன்கள் ஏமாற்றாது.

தெற்கு மாலேயில் பியாதூ, வடக்கு மாலேயில் பாண்டோஸ் இரண்டும் ரீஃபுக்குப் பெயர் போனவை, ஸ்பீட்போட் தூரம்தான். பியாதூ எளிய இடம், தண்ணீர் வில்லாவே கிடையாது. ஆடம்பரம் எதிர்பார்த்துப் போனால் மனம் ஒப்பாது.

மழையைப் பற்றி: நாள் முழுக்கக் கொட்டும் என்று இல்லை, ஒரு பாட்டம் அடித்துவிட்டு வெயில் வரும். சில வாரம் இரண்டு மூன்று நாள் மூட்டமாகவே போகவும் செய்யும். விலை குறைவதே அதற்காகத்தானே.

ஆவணி மாப்பிள்ளை:

மிக்க நன்றி. பா அட்டோலை விட்டுவிடுகிறோம், மாண்டா திருக்கை பார்க்கலாம் என்றுதான் அதை எடுத்தேன். வேறு வழி உண்டா? சைவச் சாப்பாட்டுக்கு யாராவது சொல்லுங்களேன்.

நெய்தல் எழுதியது:

மாண்டாவுக்குக் கடல்விமானமே வேண்டாம். பா அட்டோலில் தரவந்தூ என்ற மக்கள் வாழும் தீவில் உள்நாட்டு விமான நிலையம் இருக்கிறது, மாலேயிலிருந்து அரை மணிக்கும் குறைவு. கெஸ்ட் ஹவுஸ்கள் உண்டு. மாண்டாக்கள் கூடும் ஹனிஃபாரு குடா அங்கிருந்து படகில் பத்து நிமிடம் போல. ஜூன் முதல் நவம்பர் வரை பருவம், செப்டம்பர் நடுவில் விழுகிறது. மிதவை உயிர்கள் குடாவுக்குள் வந்து தேங்கும்போது மாண்டாக்கள் கூட்டமாக மேய வரும். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தை ஒட்டிய நாட்களில் வாய்ப்பு கூடும். தேதியைப் பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உள்ளே ஸ்கூபா தடை, மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும், ஒரு குழுவுக்கு 45 நிமிடம். நீச்சல் தெரியாதவரை அங்கே இறக்காதீர்கள். ஆளும் படகும் நெரிசலாக இருக்கும், நீரோட்டமும் உண்டு.

நான்கு இரவில் இரண்டு இடம் என்றால் தரவந்தூவில் இரண்டு, ரிசார்ட்டில் இரண்டு. முதலில் கெஸ்ட் ஹவுஸ், கடைசியில் ரிசார்ட். மாற்றிச் செய்தால் இரண்டாவது இடம் எதுவானாலும் குறையாகத் தோன்றும். ஆனால் இந்தப் பருவத்தில் விமானம் தாமதமானால் ஒரு பகல் போய்விடும். மாண்டா மேல் அவ்வளவு ஆசை இல்லையென்றால் நான்கு இரவும் ஒரே இடம்தான் என் தேர்வு.

மாஃபுஷி மலிவு, அதில் சந்தேகமில்லை. ஸ்பீட்போட் 40 நிமிடம், ஒருவருக்கு 25, 30 டாலர், பசுமை வரியும் ஐம்பது அறைக்குக் குறைந்த கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர்தான். ஆனால் தேனிலவுக்கு அது தனிமை தராது: தெருவெல்லாம் விடுதி, குளியல் உடையில் இருக்க வேலி போட்ட ஒரே ஒரு கடற்கரை, மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வெளியில் கட்டியணைப்பதெல்லாம் கூடாது. வெள்ளிக்கிழமை அரசுப் படகு ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தொழுகை நேரத்தில் கடைகள் மூடும். மக்கள் வாழும் தீவுதான் வேண்டுமென்றால் உகுல்ஹாஸ், திகுரா மாதிரி அமைதியான இடமாகப் பாருங்கள். திகுராவில் நீளமான மணல்கரை, அந்தக் கடலில் திமிங்கலச் சுறா வருடம் முழுக்க உண்டு.

சைவம்: ரிசார்ட்டில் இந்தியச் சமையல்காரர்கள் இருப்பது சாதாரணம், பஃபேயில் பருப்பு, சப்பாத்தி, ஏதாவது ஒரு காய்க் குழம்பு கிடைக்கும். 'சைவம்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'மீன், மாசி (சூரைக் கருவாடு), மீன் சாறு எதுவும் கூடாது. முட்டை, பால் சரி' என்று முன்பதிவிலேயே எழுதி, போனதும் தலைமைச் சமையல்காரரிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். உள்ளூர் தீவுகளில்தான் கவனம். காலைச் சாப்பாடு மாஸ் ஹூனியே சூரையும் தேங்காயும்தான், டீக்கடைப் பலகாரத்தில் பாதிக்கு மேல் உள்ளே மீன், காய்க்கறியில்கூட மாசி விழும். ரொஷியும் (அந்த ஊர்ச் சப்பாத்தி) முட்டையும் கேட்டால் எங்கும் தருவார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாம்; பன்றி இறைச்சி, மது என்றால் சுங்கத்தில் பிடிப்பார்கள்.

கட்டுச்சோறு எழுதியது:

விட்டுப்போன சில்லறைகள். தேனிலவுச் சலுகை (கேக், படுக்கையில் பூ, ஒரு தனி இரவு உணவு) கேட்டால் பல ரிசார்ட்கள் திருமணச் சான்றிதழ் கேட்கும். கல்யாணம் ஆகி ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்குள், குறைந்தது நான்கு இரவு என்று நிபந்தனை இருக்கும். தமிழ்நாட்டில் பதிவுக்கு 90 நாள் அவகாசம் என்று தள்ளிப் போடாமல், கல்யாணம் முடிந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். கையில் வரவில்லையென்றால் ஆங்கிலத்தில் அடித்த பத்திரிகையை ஏற்பீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். நீச்சல் குளத்தில் மிதக்கும் காலை உணவு பெரும்பாலும் சலுகையில் வராது, தனிக் காசு. காக்கைகளும் பங்குக்கு வரும்.

மாலேக்கு வருவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா (மாலத்தீவு அரசின் ஆன்லைன் பயணப் படிவம்) நிரப்ப வேண்டும், கிளம்பும்போதும் ஒன்று. அது இலவசம். காசு கேட்கும் தளம் என்றால் அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். இந்தியர்களுக்கு விசா இறங்கியதும் இலவசமாகத் தருவார்கள், அறை முன்பதிவுத் தாள் கையில் இருக்கட்டும். முகவரிடம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் இரண்டரை லட்சத்தில் இப்போதைக்கு அதற்கும் இடம் விடுங்கள்.

ஸ்பீட்போட்டில் பின்பக்கம் உட்காருங்கள். செப்டம்பர் கடலில் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். வாந்தி மாத்திரை ஏறுவதற்கு அரை மணி முன்னால்.

கடிகாரம்: மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்கள் மாலைவெளிச்சம் நீளமாகக் கிடைக்கட்டும் என்று தீவுக்குள் மட்டும் ஒரு மணி முன்னே வைத்துக்கொள்ளும். கிளம்பும் நாளில் படகு நேரம் எந்தக் கடிகாரப்படி என்று வரவேற்பறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கைபேசி மாலே நேரத்தைத்தான் காட்டும்.