புதுப்பிப்பு: நசுங்கிய ஸ்விஃப்டுக்கு என்ன போட்டேன்

லாரியின் பின்னால் இடித்த என் ஸ்விஃப்ட் காருக்குப் பம்பரும் ஹெட்லைட்டும் மாற்ற, கம்பெனி ஒரிஜினலா, லோக்கல் தயாரிப்பா, சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பழையதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இன்சூரன்ஸ் கிளெய்ம் போடவில்லை, பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், நான்கு வருடம் சேர்த்த 45 சதவீத நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும்.

லோக்கல் பம்பரை மாட்டிப் பார்த்தோம், ஃபெண்டரோடு (முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) சேருமிடத்தில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி, மெக்கானிக் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் பம்பரைப் பார்த்தேன், சரி என்று திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரிஜினலே போட்டாச்சு. ஹெட்லைட் மட்டும் புதுப்பேட்டையில் எடுத்த பழைய ஒரிஜினல். வாங்கும்போது கண்ணாடியை விட, பின்னால் போல்ட் மாட்டும் காதுகள் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் இரண்டைத் திருப்பி வைத்தபின்தான் மூன்றாவது தேறியது, கடைக்காரர் முகம்தான் சரியில்லை.