சபையை நடத்துவது அக்கா, சம்பளம் தம்பிக்கா?

கிராமத்து மருமகள்:
எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். சின்ன சபை. ஆயர் ஐயாவுக்குப் பல ஊர் சபைகள் இருப்பதால் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இங்கே வருவார். மற்ற நாளெல்லாம் சபையைப் பார்த்துக்கொள்வது ஒரு அக்கா. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து குளித்து, செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகக் குடும்ப ஜெபத்துக்குப் போவார். மதுரை பெரியாஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்தால் வார்டில் துணைக்கு இருப்பதும் அவர்தான். சமைக்கும்போது வீடுகளில் சபைக்கென்று எடுத்துவைக்கிற கைப்பிடி அரிசியை வாங்கிச் சேர்த்து, அளந்து விற்று, கணக்கு எழுதுவதும் அவர்தான்.

இப்போது கமிட்டி சம்பளத்துக்கு ஒரு சபை ஊழியரைப் போட்டிருக்கிறது. வெளியூர்த் தம்பி, நல்ல பையன்தான். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று அந்தத் தம்பிக்குக் காட்டிக்கொடுக்கும் வேலையும் அக்கா தலையிலேயே விழுந்திருக்கிறது. இது நியாயமா?

மேலூர் வாத்தியார்:
சகோதரி, அந்த அம்மாவின் பிரயாசத்தை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஊழியம் வேறு, சபையை நடத்தும் அதிகாரம் வேறு. பெண் உபதேசம் பண்ணவும் ஆண்மேல் அதிகாரம் செலுத்தவும் உத்தரவு இல்லை என்று 1 தீமோத்தேயு 2:12 தெளிவாகச் சொல்கிறது. நமக்கு வசதிப்படவில்லை என்று வசனத்தை ஒதுக்க முடியாது. தீத்து 2-ஆம் அதிகாரத்தின்படி முதிர்ந்த பெண்கள் இளம்பெண்களுக்குப் புத்தி சொல்லட்டும், பிள்ளைகளுக்குப் போதிக்கட்டும். அதுவே பெரிய ஊழியம்.

அரசரடி மாணவி:
ஐயா, இறையியல் படிக்கிறேன், மரியாதையோடு கேட்கிறேன். அதே பவுல் 1 கொரிந்தியர் 11:5-இல் பெண்கள் ஜெபம் பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பற்றி எழுதுகிறார். எப்படிச் செய்ய வேண்டும் என்கிறாரே தவிர, செய்யாதே என்று சொல்லவில்லை. ரோமர் 16-இல் கெங்கிரேயா சபையின் பெபேயாளை எவ்வளவு மதிப்போடு ஒப்புவிக்கிறார்! வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவுக்கே விளக்கிக் காட்டியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி.

நம் ஊர் வரலாற்றையும் பாருங்கள். 1834-இல் அமெரிக்கன் மிஷன் மதுரைக்கு வந்தது. ஆண் மிஷனரிகளால் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேச முடியவில்லை. அடுப்படி வரை போனவர்கள் வேதாகமப் பெண்கள் என்ற நம் தமிழ்ப் பெண்கள். வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், வசனம் சொன்னார்கள். அது மிஷனில் ஒரு வேலையாகவே இருந்தது, அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அன்றைக்குக் கிடைத்தது இன்றைக்கு ஏன் இந்த அக்காவுக்கு இல்லை? தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. 2013-இல் புஷ்பலலிதா அம்மா நந்தியால் பேராயர் ஆனார். பேராயராகவே பெண் இருக்கலாம், சபை ஊழியராக இருக்கக்கூடாதா?

மேலூர் வாத்தியார்:
சினாடு, அதாவது திருச்சபையின் தலைமை மன்றம், தீர்மானம் போட்டால் அது வேதம் ஆகிவிடாது அம்மா. பல சபைகள் இன்றும் அதை ஏற்கவில்லை. பிரிஸ்கில்லாளும் தனியாகப் போதிக்கவில்லை. கணவன் ஆக்கில்லாவோடு சேர்ந்து, அப்பொல்லோவைத் தங்களிடம் அழைத்துக்கொண்டு விளக்கினாள். பிரசங்க பீடத்தில் ஏறவில்லை. சம்பள விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். உழைக்கிறவருக்குக் கூலி கொடுக்காமல் இருப்பது பாவம்.

அன்பியத்து மேரி:
நான் கத்தோலிக்கப் பெண். எங்களிடம் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை. ஆனாலும் தெருவில் அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம், நடக்கிறது என்றால் வீடு சொல்லி, ஆள் கூட்டி, வாசகம் படித்து, பகிர்வை நடத்துவது பெரும்பாலும் நாங்கள்தான். 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பலியில் வேதம் வாசிக்கும் வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் ஆகிய பணிகளைச் சட்டப்படியே பெண்களுக்கும் திறந்தார். அதே ஆண்டு மே மாதம் மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாக்கினார், அதிலும் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பீடத்துச் சண்டை முடியட்டும், அப்புறம் மரியாதை தருகிறோம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே செய்கிற வேலைக்கு ஒரு பெயரும் பொறுப்பும் இன்றைக்கே கொடுக்கலாம்.

திருமங்கலம் அப்பா:
என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் குட்டிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆக்‌ஷனும் அவள்தான். முதல் நாள் ராத்திரி சார்ட் தாளில் நோவாவின் பேழை வரைந்து, ஜோடி ஜோடியாக மிருகங்களை வெட்டி ஒட்டிக்கொண்டு, தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பெருமைதான். ஆனால் கிராம ஊழியம், வீடு சந்திப்பு, கைப்பிரதி கொடுப்பது என்று அனுப்பச் சொன்னால் எனக்குப் பயம். இருட்டிய பிறகு பஸ் கிடையாது. ஊர் வாயையும் மூட முடியாது. பெண் உரிமை பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

அரசரடி மாணவி:
அண்ணா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பெரும்பாலும் அதைக் காரணம் காட்டி பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துவிடுகிறோம். இரண்டு பேராக அனுப்பலாம், கூட ஒரு மூத்த அக்கா போகலாம், வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கலாம், திரும்பி வர சபையே ஆட்டோவுக்குப் பணம் கொடுக்கலாம். பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தால், ஊழியரே ஆனாலும், அவள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் முதலிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் கமிட்டியில் பெண்கள் இருந்தால்தான் வழி பிறக்கும்.

திருமங்கலம் அப்பா:
ஆட்டோ பணம், மூத்த அக்கா இரண்டும் இருந்தால் அனுப்புகிறேன். எங்கள் சபையில் கேட்டுப் பார்க்கிறேன்.

கிராமத்து மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கப்போகிறோம். அக்காவுக்கு மாதச் சம்பளம், கமிட்டியில் இரண்டு பெண்கள், அரிசிக் கணக்கில் அக்காவின் கையெழுத்து.

மேலூர் வாத்தியார்:
தாராளமாக எழுதுங்கள். பிரசங்கத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

கிராமத்து மருமகள்:
அதையும் சேர்த்திருக்கிறோம் ஐயா. ஆயர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தனை வருடமாக எங்களுக்குச் செய்தி கொடுத்தது அந்த அக்காதான். ஆண்களும் உட்கார்ந்துதான் கேட்டார்கள். அப்போது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.