பழைய வீட்டுக்கு ஸ்கேட்டிங் எத்தனை இஞ்சி? அவசரம்

மாங்குளத்தான்: வணக்கம். அம்மப்பாவின் பழைய வீட்டைத் திருத்துகிறோம். ஸ்கேட்டிங், அதுதான் நிலத்தோடு சுவரடியில் ஒட்டுகிற பட்டி, எத்தனை இஞ்சி உயரம் வைத்தால் வடிவாக இருக்கும்? மேசன் 4 என்கிறார், எனக்கு அது காணாது போல இருக்கிறது. நாளைக்கு மாபிள் வெட்ட வேணும்.

பாலைமரம்: சுவர் உயரம் எவ்வளவு தம்பி? சீலிங் அடித்ததா?

ஓமந்தை அக்கா: கதவு நிலை எத்தனை இஞ்சி? பூச்சு சுண்ணாம்பா, சீமெந்தா?

கணக்கர்: தம்பி, அளவு தராமல் அளவு கேட்கக்கூடாது. இதைப் பலதரம் எழுதிவிட்டேன். 8 அடிச் சுவருக்கு 4 இஞ்சி போதும். 11 அடிக்கு 6, 7 வேணும். இல்லாவிட்டால் சுவர் காலில்லாமல் நிற்கும்.

மாங்குளத்தான்: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போச்சு. சுவர் 11 அடி, சீலிங் இல்லை. நிலை பாலை, 4 இஞ்சி. பூச்சு சுண்ணாம்பு.

பாலைமரம்: பாலை நிலையா! அப்ப மாபிளை விடுங்கள், ஸ்கேட்டிங்கும் மரத்திலேயே போடுங்கள்.

ஓமந்தை அக்கா: வன்னியில் நிலத்தோடு மரமா அண்ணை? எங்கள் அறையில் பெயின்ற் அப்படியே இருந்தது. விரலால் அழுத்த உள்ளே முழுக்கக் கறையான் மண்.

பாலைமரம்: அது என்ன பலகையோ. பாலையைக் கறையான் இலேசில் தொடாது.

ஓமந்தை அக்கா: தொடாதுதான். பாலைப் பலகைக்கு இப்ப எங்கே போவது, பெர்மிட் யார் எடுப்பது?

கணக்கர்: மரக்கதை போதும். தம்பி, 2 அடி மாபிளில் 6 இஞ்சிப் பட்டி நாலு வரும், வாள் தின்கிற அளவு மட்டும் குறையும். 7 என்றால் மூன்றுதான், மிச்சம் 3 இஞ்சி வீண். ஆகவே 6. வெட்டின விளிம்பு கீழே இருக்கட்டும், நடுத்துண்டுகளின் மேல்விளிம்பைத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். நிலை பூச்சோடு மட்டமாக இருந்தால் ஸ்கேட்டிங் வெளியே துருத்தும்; அந்த இடத்தில் பூச்சைக் கொத்தி உள்ளே இறக்க வேணும். முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் பூச்சு விட்டுவிட்டது, மாபிள் அதோடு சேர்ந்து கழன்று விழும்.

மாங்குளத்தான்: பின்னறையில் சுண்ணாம்பைச் சுரண்டினேன். பழைய சிவப்புச் சீமெந்துப் பட்டி தெரிந்தது, 6 இஞ்சிக்கு ஒரு நூல் குறைய. அம்மப்பா காலத்து அளவு. 6 வெட்டச் சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. விறாந்தை மூலை மட்டும் பொத்தென்று கேட்கிறது.

பாலைமரம்: எந்த மூலை, கிணற்றுப் பக்கமா? ஈரம் ஏறுகிறதோ என்று பாருங்கள். காயாமல் ஒட்ட வேண்டாம்.

ஓமந்தை அக்கா: தம்பி, அந்த மூலை என்னாச்சு?